8 அங்குலத் தொலைநோக்கியில் செவ்வாயின் வானிலை: ஏழாண்டு அனுபவம்

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை (8 அங்குலக் கண்ணாடியும், கையால் திருப்பும் எளிய தாங்கியும் கொண்டது) 2018 ஜூன் முதல் பயன்படுத்தி வருகிறேன். செவ்வாய் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் நெருங்கி வரும் என்பதால், இத்தனை ஆண்டுகளில் நல்ல வாய்ப்பு நான்கு முறையே அமைந்தது.

முதல் வாய்ப்பு பெரும் ஏமாற்றம். 2018 ஜூலை 31 அன்று செவ்வாய் 5.76 கோடி கிலோமீட்டர் தொலைவுக்கு வந்திருந்தும், 200 மடங்கு உருப்பெருக்கத்தில் மங்கிய காவி வட்டு மட்டுமே தெரிந்தது. கண்ணாடி பிசகியிருக்கிறது என்றெண்ணி மூன்று முறை அதைச் சீரமைத்தேன். சற்றுத் தள்ளியிருந்த சனியின் வளையம் கூர்மையாகத் தெரிந்த பிறகே கருவியில் குறையில்லை என்பது விளங்கிற்று. மே இறுதியில் எழுந்த புழுதிப்புயல் ஜூனுக்குள் அந்தக் கோள் முழுவதையும் மூடியிருந்தது. செவ்வாயின் தரையில் சூரிய ஒளியால் இயங்கிய நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி ஜூன் 10க்குப் பின் பேசாமற்போனதும் அதனால்தான்.

அந்த இரவுகளில் ஆடிக்காற்று என் தொலைநோக்கிக் குழாயை அசைத்துக்கொண்டேயிருந்தது. செவ்வாயிலோ காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 95 விழுக்காடு கரியமில வாயுவாலான அந்த மெல்லிய காற்று, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசினாலும் உடலில் இளங்காற்றாகவே படும். ஆயினும் மிக நுண்ணிய தூசியை எழுப்பி வாரக்கணக்கில் மிதக்கவைக்க அதுவே போதுமாக இருக்கிறது.

2020 புரட்டாசியில் காட்சி முற்றிலும் மாறியது. செவ்வாயின் இருண்ட நிலப்பகுதியான சிர்ட்டிஸ் மேஜரின் கரிய முக்கோணம் தெளிவாகப் புலப்பட்டது. தென்துருவப் பனி, அங்கே கோடையாதலால், வெண்புள்ளியாகச் சுருங்கியிருந்தது. துருவக் குளிர்காலத்தில் வளிமண்டலத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உறைந்து தரையில் படிகிறது என்று படித்திருந்ததை அந்தப் புள்ளியைக் கண்டபோதுதான் உணர்ந்தேன். மதுரையில் செவ்வாய் அப்போது கிட்டத்தட்ட உச்சியில் நின்றதால் படிமம் நிலையாக இருந்தது. ஆனால் டாப்சோனியன் தாங்கியை உச்சிக்கருகில் திருப்புவது மிகவும் சிரமம், இந்தக் கருவியின் உண்மையான குறை அதுவே.

2022 டிசம்பரில் பெரும்பாலான இரவுகளை மழைமேகம் கொண்டுபோயிற்று. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நடந்த 2025 ஜனவரி 16 இரவில் வட்டு சிறிதாயினும் வடதுருவப் பனி பளிச்சென்று தெரிந்தது; கண்ணருகு வில்லையில் படிந்த பனியைத்தான் அடிக்கடி உலர்த்த வேண்டியிருந்தது.

தட்டோடு பதித்த மாடி பகல் வெப்பத்தை விடும்வரை, அதாவது இரவு பத்து மணிவரை, காத்திருப்பது நல்லது. செவ்வாய் மிக நெருங்கும் ஆண்டுகளில் அது சூரியனுக்கும் அருகிலிருப்பதால் புழுதியும் அப்போதுதான் மிகுதி. ஆகையால் ஒரே பருவத்தைக் கொண்டு கருவியை மதிப்பிட வேண்டாம். இப்போதெல்லாம் வட்டு மங்கித் தெரிந்தால், முதலில் ஒரு விண்மீனைப் பார்த்துவிட்டே கண்ணாடியின் திருகுகளைத் தொடுகிறேன்.