சிடிசி பற்றுச்சீட்டு: மீன்கடையிலும் பேரங்காடியிலும் நாலு வருடம் செலவழித்துப் பார்த்ததில்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டில் நாலு பேர். நான், கணவர், மகள், அத்தை. காய்கறி, மீன், மளிகை எல்லாம் நானும் அத்தையும்தான் வாங்குகிறோம். 2021 டிசம்பரில் எல்லாச் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கும் அரசாங்கம் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பற்றுச்சீட்டாகக் கொடுத்ததே, அதிலிருந்து இந்த 2026 ஜனவரியில் வந்த 300 வெள்ளி வரை ஒரு சுற்றுகூட விடாமல் பயன்படுத்தியாயிற்று. நிறையப் பேர் இதைச் சும்மா வந்த காசுதானே என்று முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு பில்லில் போட்டு முடித்துவிடுகிறார்கள், பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். சிடிசி என்பது சமூக மேம்பாட்டு மன்றம், அதன் வழியாக அரசாங்கம் தருவதுதான் இந்தப் பற்றுச்சீட்டு. வீட்டில் ஒரு சிங்கப்பூர்க் குடிமகனாவது இருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு தொகை வரும். 2023-இல் 300, 2024 ஜனவரியில் 500, ஜூனில் 300, 2025 ஜனவரியில் 300, அதே ஆண்டு மே மாதம் 500 என்று மாறி மாறி வந்திருக்கிறது. இடையில் பொருள் சேவை வரியும் 2023-இல் 7-லிருந்து 8 விழுக்காடு, 2024-இல் 9 என்று ஏறியது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2023-இலிருந்து தொகையைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை உணவங்காடியிலும் அக்கம்பக்கக் கடைகளிலும், மறுபாதியைப் பேரங்காடியிலும் மட்டும் செலவழிக்கும்படி செய்துவிட்டார்கள். இந்தப் பிரிவு முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

பெற்றுக்கொள்வது சுலபம். வீட்டில் யாராவது ஒருவர் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னடையாளம்) வழியாக நுழைந்தால் போதும், கவ் டாட் எஸ்ஜி என்ற அரசாங்கப் பெயரில் குறுஞ்செய்தியில் ஒரு சுட்டி (இணைப்பு) வந்துவிடும். தனியாகச் செயலி எதுவும் இறக்க வேண்டாம். அந்தச் சுட்டியை வாட்ஸ்அப்பில் வீட்டில் மற்றவர்களுக்கும் அனுப்பலாம், ஆனால் ஒன்று, அது யார் கையில் இருக்கிறதோ அவர் செலவழிக்கலாம், மறுபடி சிங்பாஸ் கேட்காது. அதனால் குடும்பக் குழுவில் போடும்போது அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள், பெரியப்பா வீட்டு ஆட்களும் கூட்டாளிகளும் இருக்கும் குழுவில் போட்டுவிட்டு அப்புறம் தேட முடியாது. கைப்பேசி பழக்கமில்லாத பெரியவர்கள் அக்கம்பக்கத்துச் சமூக மன்றத்துக்கு (கம்யூனிட்டி கிளப்) போனால் தாளில் அச்சடித்தே தருகிறார்கள், எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு பாட்டி அப்படித்தான் வாங்கினார்.

சரி, சந்தைக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஈரச்சந்தையில் (மீன், இறைச்சி, காய்கறி விற்கும் சந்தை) அத்தை வழக்கமாக வாங்கும் மீன்கடை ஆன்ட்டி ஒருவர் இருக்கிறார், சீனர், அத்தையோடு சந்தை மலாயில்தான் பேச்சு. அத்தை கானாங்கெளுத்தியின் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண் கலங்கியிருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் "போலே குராங்?" என்று ஆரம்பிப்பார். குறைக்க முடியுமா என்று அர்த்தம். போன மாதம் ஒரு நாள் பதினொன்றரை வெள்ளி வந்ததை ஆன்ட்டி பதினொன்று என்றார். நான் கைப்பேசியில் பத்து வெள்ளிச் சீட்டைத் தொட்டுக் கியூஆர் குறியீட்டைக் காட்டினேன், ஒரு வெள்ளி நாணயமாகக் கொடுத்தேன். ஆன்ட்டியின் கைப்பேசி பிளாஸ்டிக் பைக்குள் கட்டித் தொங்கும், பை மேலெல்லாம் செதில் ஒட்டியிருக்கும், ஈரக் கையோடு அந்தப் பை வழியாகவே ஸ்கேன் செய்வார், இரண்டு மூன்று தடவை முயன்ற பிறகு பீப் என்று சத்தம் வரும். பின்னால் வரிசை நிற்கும், யாரும் முகம் சுளிப்பதில்லை. பக்கத்துக் காய்கறிக் கடையில் ஐந்து வெள்ளிக்குத் தக்காளி, வெண்டைக்காய், கீரை வாங்கினால் ஒரு பிடி பச்சைமிளகாயும் வெங்காயத்தாளும் கொசுறாகப் பையில் விழும். பேரங்காடியில் அதே பச்சைமிளகாயைப் பாக்கெட்டில் காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். விலை குறைத்துக் கேட்கலாம், சீட்டும் கொடுக்கலாம், கொசுறும் கிடைக்கும். இந்த மூன்றும் ஒன்றாக நடக்கும் இடம் ஈரச்சந்தைதான், அதனால்தான் அங்கே செல்லும் அக்கம்பக்கக் கடைப் பாதி எனக்குப் பேரங்காடிப் பாதியைவிட மதிப்பு அதிகம். அரசாங்கம் அதைத் தனியாக ஒதுக்காமல் விட்டிருந்தால் நான் மொத்தத்தையும் பேரங்காடியிலேயே போட்டிருப்பேன் என்பது நிச்சயம்.

இதில் பெரிய குறை சில்லறை. சீட்டு 2, 5, 10 வெள்ளி என்று மூன்று மதிப்பில் வரும். பில்லைவிட அதிகமாகச் சீட்டுக் கொடுத்தால் மீதிக் காசு கடைக்காரர் தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 7 வெள்ளி 30 காசு என்றால் ஐந்தும் இரண்டும் சீட்டில் போட்டு முப்பது காசைக் கையில் கொடுங்கள், பத்து வெள்ளிச் சீட்டைத் தொடாதீர்கள். முதல் சில சுற்றுகளில் கோப்பிக்கும் தோசைக்கும் என்று இரண்டு வெள்ளிச் சீட்டுகளை எல்லாம் முதல் மாதத்திலேயே கரைத்துவிட்டேன், கடைசியில் வெறும் பத்துகள் மட்டும் நின்றன, மூன்று வெள்ளிக்குக் கீரை வாங்கக்கூடச் சீட்டு உதவவில்லை. இப்போது முறை வேறு. மீன், கோழி, ஆட்டிறைச்சி மாதிரி பில் பெரிதாக வரும் இடத்தில் முதலில் பத்துகளை முடிப்பேன். அப்புறம் ஐந்து. இரண்டு வெள்ளிச் சீட்டுகளைக் கடைசி வரை வைத்திருப்பேன், அவைதான் எந்தப் பில்லோடும் ஒட்டும்.

எல்லாக் கடையும் மீன்கடை ஆன்ட்டி மாதிரி இல்லை. பெயர் வேண்டாம், ஒரு மளிகைக் கடையில் 8 வெள்ளி 60 காசுக்குச் சாமான் எடுத்தேன். ஐந்தும் இரண்டும் சீட்டாகத் தருகிறேன், மீதி காசாகத் தருகிறேன் என்றால், பத்து வெள்ளிச் சீட்டு மட்டும்தான் வாங்குவோம், மீதி கிடையாது என்றார்கள். அப்படி ஒரு விதி எங்கேயும் இல்லை. நான் சாமானை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பத்து வெள்ளிச் சீட்டைக் கொடுத்திருந்தால் நஷ்டம் ஒன்றரை வெள்ளிகூட இல்லைதான், ஆனால் பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் பேசாமல் பத்து வெள்ளிச் சீட்டையே காட்டிவிட்டுப் போனார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பணம் கட்டும் முன் எந்தச் சீட்டுகளை எடுப்பது என்பதைத் தொடுவது நம் கை, கடைக்காரர் கையில் போனைக் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். அத்தைக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

பேரங்காடிப் பாதி வேறு கணக்கு. 2025 மே மாதம் 500 வெள்ளி வந்தபோது ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் ஒரே பில்லில் 60 வெள்ளி பற்றுச்சீட்டாகக் கட்டினால் 6 வெள்ளிக்குக் கடைச் சீட்டு திருப்பிக் கொடுத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, பத்தில் ஒரு பங்கு திரும்பி வருகிறதே. ஆனால் அன்று என் கூடையில் தேவையான சாமான் 41 வெள்ளிக்குத்தான் இருந்தது. 60-ஐத் தொட பிஸ்கட், பழச்சாறு, வீட்டில் ஏற்கெனவே இருந்த துணிசோப்பு என்று 19 வெள்ளிக்கு அள்ளினேன். ஆறு வெள்ளி வாங்க 19 வெள்ளி செலவு, பழச்சாற்றை யாரும் சரியாகக் குடிக்கவுமில்லை. அடுத்த முறை அரிசி, எண்ணெய், பருப்பு, மைலோ எல்லாம் தீரும் வரை காத்திருந்து ஒரே நாளில் போனேன், 60 தானாக வந்தது, அந்த ஆறு வெள்ளி நிஜமாகவே கையில் நின்றது. இப்படித் திருப்பித் தரும் சலுகைகள் சில வாரங்கள்தான் இருக்கும், பற்றுச்சீட்டு வந்த உடனே கடை வாசலில் எழுதிப் போடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விலைச்சீட்டின் மூலையில் சின்ன எழுத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு என்று போட்டிருந்தால் அதைப் படியுங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நானும் பல வருடம் நம்பினேன், சலுகை ஓடும் வாரத்தில் சின்னது இரண்டு வாங்குவது மலிவாக இருந்ததை எண்ணெயிலும் சோப்புத்தூளிலும் கண்ணால் பார்த்தேன். கடைக்குக் கடை ஒப்பிடப் பயனீட்டாளர் சங்கத்தின் பிரைஸ் காக்கி செயலி இருக்கிறது, எங்கள் வீட்டில் அது மகள் வேலை, சாமான் பட்டியலைக் கொடுத்தால் எது எங்கே குறைவு என்று பார்த்துச் சொல்லிவிடுவாள். ஃபேர்பிரைஸில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை தள்ளுபடி உண்டு, அதனால் பேரங்காடிச் சாமானுக்கு அத்தையோடு செவ்வாயில் போவது எங்கள் வழக்கம். வழக்கமாக 2 விழுக்காடுதான், ஆனால் எப்படியும் போகிற கடை.

காலக்கெடு விஷயம். எந்தச் சுற்றானாலும் டிசம்பர் 31 என்று ஒரு கடைசி நாள் இருக்கும், அது எந்த வருட டிசம்பர் என்று பார்த்து எழுதி வையுங்கள். 2024 டிசம்பர் 31 ராத்திரி பதினொரு மணிக்குச் சுட்டியைத் திறந்தால் அக்கம்பக்கக் கடைப் பக்கத்தில் 12 வெள்ளி இருந்தது. கீழே கோப்பிக் கடையில் சீட்டு வாங்கும் கடைகள் எல்லாம் மூடியாகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு வெள்ளி போயிற்று, மீனாக இருந்தால் ஒரு நாள் குழம்பு. இப்போது நவம்பர் முதல் வாரம் கைப்பேசியில் நினைவூட்டல் போட்டுவிட்டேன். சிங்கப்பூரின் அறுபதாம் சுதந்திர ஆண்டுக்காக 2025-இல் கொடுத்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டும் (21 முதல் 59 வயது வரை 600, அறுபதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 800) வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், அது வீட்டுக்கு அல்ல, ஆளுக்கு, சுட்டியும் தனி. அதுவும் இந்த ஜனவரிச் சுற்றும் 2026 டிசம்பர் 31 வரைதான். எது எதில் எவ்வளவு பாக்கி என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள், அத்தை தன்னுடையதை மறந்தே போயிருந்தார்.

மாற்ற வேண்டும் என்று நான் நினைப்பது இரண்டு. ஒரு வெள்ளிச் சீட்டு வேண்டும், அது இருந்தால் சில்லறைத் தகராறு பாதி குறையும். இன்னொன்று, தமிழ், மலாய், சீனத்தில் பெரிய எழுத்தில் "எந்தச் சீட்டுகளைத் தருவது என்பது உங்கள் விருப்பம்" என்று ஒவ்வொரு கடையிலும் ஒட்ட வேண்டும்.

இன்றைக்கு எங்கள் அக்கம்பக்கக் கடைப் பக்கத்தில் 47 வெள்ளி இருக்கிறது. பத்து இரண்டு, ஐந்து மூன்று, இரண்டு ஆறு. பத்து இரண்டையும் தீபாவளிக்கு முந்தின வாரம் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக்கு என்று அத்தை ஒதுக்கிவிட்டார், அதை இனி யாரும் தொடக் கூடாதாம்.