ரோல் உருட்டாத டிரம்மர்: ‘நொய்!’ முதல் ஆல்பம்

மெல்லிசைக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிக்கிறவன் நான். எங்கள் தொழிலில் பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகும்போது டிரம்களில் வேகமாகத் தட்டிக்கொண்டே போகும் ஒரு ரோல் உருட்டியே ஆகவேண்டும். உருட்டாவிட்டால் கீபோர்டுக்காரர் திரும்பி முறைப்பார். அதனால் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்து ‘நொய்!’ என்ற இருவர் ராக் குழு 1972இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தை நான் கேட்டதே டிரம்மரின் காதோடுதான். ஆல்பத்தின் பெயரும் ‘நொய்!’தான்.

முதல் பாட்டு ‘ஹாலோகாலோ’. பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பாடகர் இல்லை, பல்லவி இல்லை, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மாற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கிளாவுஸ் டிங்கர் ஒரு நாலு தாள பீட்டைப் பிடிக்கிறார். காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கும், குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம்மும், ஜோடி சிம்பலான ஹை-ஹாட்டும் ஒரே நடையில் போய்க்கொண்டே இருக்கின்றன. அவ்வப்போது சிம்பலில் ஒரு தட்டு, அங்கங்கே சின்னச் சின்ன அசைவு, அவ்வளவுதான். சுலபம் என்று நினைத்தால் நீங்களே உட்கார்ந்து அடித்துப் பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் கணுக்கால் கெஞ்சும். ஐந்தாவது நிமிடத்தில் ரோல் உருட்டக் கை தானாக டாம்டாம் டிரம்கள் பக்கம் போகும். அந்தக் கையை அடக்கி வைத்திருப்பதுதான் டிங்கரின் வித்தை. பத்திரிகைக்காரர்கள் இந்த பீட்டுக்கு ‘மோட்டோரிக்’ என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை.

அதன் மேல் மிஹாயெல் ரோட்டரின் கிதார். ஒன்று நீளமாக இழுக்கிறது, இன்னொன்று அடியில் முனகுகிறது, வேறொன்று டேப்பைத் திருப்பிப் போட்டதால் பின்னோக்கி ஒலிக்கிறது. ரோட்டர் சிறுவயதில் சில ஆண்டுகள் கராச்சியில் வளர்ந்தவர். அங்கே கேட்ட, முடிவே இல்லாமல் நீளும் இசை மனதில் தங்கிவிட்டது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கேட்டால் நம்பலாம்போலத்தான் இருக்கிறது.

இருவரும் எலெக்ட்ரானிக் இசைக்குப் பேர்போன க்ராஃப்ட்வெர்க் குழுவில் கொஞ்சகாலம் இருந்துவிட்டு வெளியே வந்தவர்கள். 1971 டிசம்பரில் ஹாம்பர்க் ஸ்டூடியோ ஒன்றில் நாலே இரவில் மொத்த ஆல்பத்தையும் பதிவு செய்தார்கள். சவுண்ட் பார்த்தவர் கோனி பிளாங்க். கணினி எல்லாம் இல்லாத காலம். இத்தனை கிதார்களில் எது எங்கே வரவேண்டும் என்பதைத் தலையிலேயே வைத்துக்கொண்டு கையால் மிக்ஸ் செய்திருக்கிறார். என்னைக் கேட்டால் இந்தக் குழுவின் மூன்றாவது ஆள் அவர்தான்.

மற்ற ஐந்து பாட்டுகளும் இதே தரமா என்றால், இல்லை. ‘சோண்டராங்கெபோட்’ வெறும் சிம்பல் ஓசையைப் பிசைந்து வைத்தது. ஒருமுறை கேட்டால் போதும். ‘வைசன்சே’ நிதானமான நடை, எனக்குப் பிடித்தது. ‘இம் க்ளுக்’கில் படகுத் துடுப்பு தண்ணீரைத் தள்ளும் சத்தம் வருகிறது. அழகுதான், ஆனால் ஏழு நிமிடம் கொஞ்சம் அதிகம்.

அப்புறம் ‘நெகடிவ்லாண்ட்’. தார்ச்சாலையை உடைக்கும் மெஷின் சத்தத்தோடு தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதிவின் முதல் இரண்டு நாளும் ஒன்றும் உருப்படியாக வராமல், டிங்கர் ஒரு ஜப்பானிய டைஷோகோட்டோவைக் கொண்டுவந்த பிறகுதான் வண்டி நகர்ந்ததாம். முதலில் தேறியது இந்தப் பாட்டு. பொத்தானை அழுத்தித் தந்தியை மீட்டும் கருவி டைஷோகோட்டோ. நம் ஊர் புல்புல்தாராவுக்கு மூலம் அதுதான். ஆனால் அந்த இனிமையைத் தேடாதீர்கள், எஃபெக்ட் போட்டு ஆளே அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். நடை திடீரென வேகமெடுத்து, சட்டென்று அறுந்து நிற்கிறது. பயமுறுத்தும், ஆனாலும் திரும்பக் கேட்க வைக்கும்.

கடைசிப் பாட்டு ‘லீபர் ஹோனிக்’கில் டிங்கர் பாடுகிறார். பாடுகிறார் என்பது மரியாதைக்குச் சொன்னது. தொண்டை கட்டிய மனிதர் இருட்டில் புலம்புவதுபோல ஏழு நிமிடம். இதைப் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். நான் தாண்டிவிடுவேன்.

வாங்குவதென்றால் எல்பி இசைத்தட்டு நல்லது. முதல் பக்கத்தில் மூன்று, இரண்டாவது பக்கத்தில் மூன்று. களைத்தால் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வெள்ளை அட்டையில் குழுவின் பெயர் விளம்பரத் தட்டியில்போலச் சிவப்பில் கிறுக்கியிருக்கும். டிங்கருக்கும் ரோட்டருக்கும் ஒத்துப்போகாததால் பல வருடம் திருட்டுப் பதிப்புதான் புழங்கியது. 2001இல் க்ரோன்லாண்ட் நிறுவனம் முறையாக மறுவெளியீடு செய்தது. அந்தப் பெயரைப் பார்த்து வாங்குங்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், கிக் காணாமல் போய்விடும். கிக் போனால் இந்த ஆல்பத்தில் பாதி போச்சு.

பிடித்துவிட்டால் அடுத்து நேராக 1975 ஆல்பத்துக்குப் போகலாம். நடுவில் 1973இல் வந்தது ஒன்று உண்டு. பணம் தீர்ந்துபோய், ஏற்கெனவே வந்த தங்கள் சிங்கிளையே (தனிப்பாட்டுத் தட்டு) வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் போட்டு இரண்டாவது பக்கத்தை ரொப்பியிருக்கிறார்கள். அதற்குக் காசு கொடுக்கும் முன் ஒருதரம் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.