ஒரு வருட அப்ரெண்டிஸ்: ஐடிஐ முடித்த எனக்கு என்ன கிடைத்தது

ஐடிஐ-யில் இரண்டு வருட எலக்ட்ரீஷியன் டிரேடு முடித்துவிட்டு, 2022-ல் பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் ஒரு வருட அப்ரெண்டிஸாக, அதாவது தொழில் பழகுபவளாகச் சேர்ந்தேன். போகலாமா, வேண்டாமா என்று ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போகலாம். ஆனால் மெஷின் பழுது பார்க்கும் மெயின்டனன்ஸ் பிரிவில் நம்மை யார் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அந்த வருடம் அமையும். எனக்கு முதல் மூன்று வாரம் யாருமே இல்லை. அந்த டிபார்ட்மெண்டில் பெண் நான் ஒருத்திதான். என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் ஸ்டோர் ரூமில் உட்காரவைத்து, பேரிங்கும் பெல்ட்டும் வந்த கணக்கை நோட்டில் எழுதச் சொன்னார்கள். நாலாவது வாரம் போர்மேனிடம் நேராகப் போய், "நான் கணக்கு எழுத வரலைங்க, கரண்ட் பேனல் பார்க்க வந்தேன்" என்றேன். அன்றைக்கு மதியமே சீனியர் எலக்ட்ரீஷியன் அண்ணனோடு அனுப்பிவிட்டார். கேட்காமல் இருந்திருந்தால் வருடம் முழுக்க அந்த நோட்டோடுதான் போயிருக்கும்.

ஐடிஐ-யில் மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் ஸ்டார் டெல்டா வயரிங்கைப் பலகையில் செய்வோம், மோட்டார் ஓடும், சார் மார்க் போடுவார், பிரித்துவிடுவோம். அங்கே எதுவும் பழுதாவதில்லை. மில்லில் பழுதைத் தவிர வேறு எதற்கும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள்.

ஒரு நாள், பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷின் ஒன்று மணிக்கொரு தடவை நின்றுபோனது. ஓவர்லோடு ரிலே ட்ரிப், அதாவது மோட்டார் அதிகமாகக் கரண்ட் இழுத்தால் தானே நிறுத்திவிடும் கருவி நிறுத்தியிருந்தது. ரீசெட் பட்டனை அழுத்தப் போனேன், அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். "ரீசெட் பண்றதுக்கு எலக்ட்ரீஷியன் எதுக்கு கண்ணு? ஏன் ட்ரிப் ஆச்சுன்னு பாரு." மெஷினை அவரே ஓடவிட்டு, வயரைக் கவ்வி கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை என் கையில் கொடுத்தார். 12 ஆம்பியர் இழுக்க வேண்டிய மோட்டார். மோட்டாருக்குக் கரண்ட் வரும் மூன்று லைன்களை பேஸ் என்போம். ஒரு பேஸில் 17, அடுத்ததில் 16, மூன்றாவதில் வெறும் 5. மெயினை ஆஃப் செய்து, வேறு யாரும் ஆன் செய்துவிடாதபடி ஃபியூஸ் கேரியரைக் கழற்றித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட பிறகுதான், மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சான காண்டாக்டரைத் திறந்தார். மூன்றாவது பேஸின் காண்டாக்ட் தீய்ந்து, குழி விழுந்து, மேலே பஞ்சு ஒட்டிக் கிடந்தது. அந்த ஒரு பேஸ் சரியாகச் சேராததால் மற்ற இரண்டும் அதன் சுமையையும் இழுத்திருக்கின்றன. ரீசெட் செய்துகொண்டே இருந்திருந்தால் மோட்டார் காயில் எரிந்திருக்கும். ஒரு பேஸ் போய் மீதி இரண்டில் மோட்டார் ஓடுவதை, புத்தகத்தில் சிங்கிள் பேஸிங் என்று நான் படித்தது இப்படித்தான் தொடங்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்று டெஸ்டர். நம் ஊரில் ஸ்குரூ டிரைவர் டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று தொட்டுவிடுகிறோம். மர ஏணியில் ரப்பர் செருப்போடு நின்றால், லைனில் கரண்ட் இருந்தும் அது சரியாக எரியாமல் போகலாம், ஏனென்றால் அது எரிய நம் உடம்பு வழியாகத் தரைக்குப் பாதை வேண்டும். அண்ணன் டெஸ்ட் லேம்ப்தான் வைப்பார், இரண்டு வயர் மாட்டிய பல்பு அது. முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து லேம்ப் எரிகிறதா என்று பார்ப்பார், பிறகு வேலை செய்யும் இடத்தில், மறுபடியும் முதல் இடத்தில். மூன்று தடவை. அவசரம் என்று சூப்பர்வைசர் கத்தினாலும் அந்த மூன்றைக் குறைக்க மாட்டார். கெப்பாசிட்டர் பேனலில் இன்னும் கவனம். ஆஃப் செய்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது என்று உறுதியாகும் வரை கை வைக்க விடமாட்டார்.

சரி, பணம். அப்போது ஐடிஐ முடித்த அப்ரெண்டிஸுக்குச் சட்டப்படி மாதம் குறைந்தது 7000 ரூபாய். மில்லில் 8500 என்றார்கள், ஆனால் சாப்பாட்டுக்கு 1500 பிடித்துக்கொண்டார்கள். சேரும்போது இதை யாரும் சொல்லவில்லை, எனக்கு அது வருத்தம்தான். ஆள் வராத நாட்களில் ஷிப்ட் முடிந்தும் இருக்கச் சொன்னார்கள். 1961-ம் வருட அப்ரெண்டிஸ் சட்டப்படி, அப்ரெண்டிஸ் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் நம்மை ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மில் வேனில் ஏறிவிடுவேன். ஒரு பிரச்சினையும் வரவில்லை.

சான்றிதழ் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். வருடக் கடைசியில் அகில இந்தியத் தேர்வு எழுதித் தேறினால்தான் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ், நாம் என்ஏசி என்கிறோமே அது, கிடைக்கும். அரசு போர்ட்டலில் நம் ஒப்பந்தம் பதிவாகியிருந்தால்தான் தேர்வுக்கே பெயர் போகும். என்னோடு படித்த ஒரு பையன் வேறொரு கம்பெனியில் நான்கு மாதம் வேலை பார்த்த பிறகுதான் பதிவே செய்யவில்லை என்று தெரிந்தது. அந்த நான்கு மாதமும் வீண். சேர்ந்த வாரமே ஒப்பந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஐடிஐ போகாமல் வேலையிலேயே கற்றுக்கொண்ட அண்ணன்மாருக்குத் தனி வழி இருக்கிறது: மின்கம்பியாள் உதவியாளர் (வயர்மேன் ஹெல்பர்) தகுதிகாண் தேர்வு. 21 வயதும் 5 வருட அனுபவமும் வேண்டும்.

அப்புறம், பெண் பிள்ளைகள் கேட்டது. மெயின்டனன்ஸ் பக்கம் கழிப்பறை இல்லை, ஸ்பின்னிங் வரைக்கும் நடக்க வேண்டும். மற்றபடி ஏணி ஏறவோ கேபிள் இழுக்கவோ எனக்கு முடியாமல் போனதில்லை.

ஒரு மில்லில் சேரும் முன் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஷிப்ட் முடிந்து வரும் அப்ரெண்டிஸ் யாரையாவது நிறுத்தி, போன வாரம் எந்த பேனலைத் திறந்தீர்கள், கூட யார் இருந்தார் என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் சொன்னால் சேர்ந்துவிடுங்கள்.