ஓலைப்பெட்டியை உள்ளே பார்த்து வாங்குங்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், கீழக்கரையிலிருந்து ஏர்வாடி வழியாகச் சாயல்குடி போகும் பாதை பனங்காட்டுச் சீமை. கருப்பட்டி விற்கும் இடங்களில் ஓலைப்பெட்டியும் கிடைக்கும். கடகம் என்னும் பெரிய கூடை, சொளகு என்னும் முறம் எல்லாம் தனிக்கதை. இங்கே சொல்வது அரையடி அகல மூடிப்பெட்டியைப் பற்றி. தாராளமாக வாங்கலாம். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெட்டிகளுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும்.

மூடியைக் கழற்றி முதலில் உட்புறத்தைப் பாருங்கள். வெளிப்புறம் எல்லார் கண்ணிலும் படும் என்பதால் அங்கே யாரும் குறை வைப்பதில்லை. ஒரு கீற்று தீர்ந்து அடுத்தது சேரும் ஒட்டு உள்ளேதான் ஒளிந்திருக்கும். நிதானமாக முடைந்த பெட்டியில் புதுக்கீற்று பழையதன் மேலேயே மூன்று நான்கு பின்னல் தூரம் ஓடி, நுனி அடியில் சொருகியிருக்கும். அவசரத்தில் முடைந்ததில் ஒரே பின்னலோடு நின்று நுனி துருத்தும். பெட்டி பிரியத் தொடங்குவது அங்கேதான்.

பிறகு அடிமூலைகள். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். மூலையில் வெளிச்சம் ஒழுகினால், ஓலையில் ஈரம் மிகுந்திருந்தபோதே முடைந்துவிட்டார்கள். காய்ந்ததும் கீற்று குறுகி இடைவெளி விழுந்துவிட்டது. முடையும்போது ஓலை விரலில் சுற்றினால் ஒடியக் கூடாது, அழுத்தினால் நீர் கசியக் கூடாது, அதுதான் பதம். குருத்தோலை என்றால் வெளிர்மஞ்சளாக, மடிப்புக்கு வளைந்து கொடுக்கும். முற்றிய ஓலை மடித்த இடத்தில் வெடிக்கும்.

விளிம்பைப் பனைமட்டை நாரால் கட்டியிருந்தால் நல்லது. நைலான் நூல் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஓலையை அறுத்துவிடும்.

பேரம் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலையை இறக்கினால் பூவேலை குறையாது, அதைக் காட்டித்தானே விற்க வேண்டும். அடியில் இரட்டையாகப் போட வேண்டிய ஓலை ஒற்றையாகிவிடும். எண்ணிக்கைக்குத்தான் கூலி என்றால் எந்தக் கையும் வேகத்துக்குத்தான் பழகும். முடைகிறவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அப்படியிருந்தும், யாரும் கேட்காமலே மூடியின் உட்பக்கத்தில் ஒரு சுற்று சாய ஓலை ஓட்டிய பெட்டிகள் அபூர்வமாகக் கண்ணில் படும். காசுக்கு அப்பால் வேலையின் மேலுள்ள ஆசைதான் அதைச் செய்ய வைக்கிறது. அப்படி ஒன்று கிடைத்தால் சொன்ன விலையைக் கொடுத்து வாங்குங்கள். பெரும்பாலும் அதன் அடிமூலையும் சரியாக இருக்கும்.

சாயப்பெட்டியை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் நூல்கண்டு, ஊசி, கடிதம் வைக்கலாம். தின்பண்டத்துக்குச் சாயமில்லாததே நல்லது.

இந்தக் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஓலைக்குச் சோதனை. காற்றின் ஈரத்தில் சாம்பல் நிறப் பூசணம் பிடிக்கும். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம். உலர்ந்த துணியால் துடைத்து, இளவெயிலில் மூடியைத் திறந்து காயவையுங்கள். உச்சிவெயில் ஆகாது, ஓலை மொறுமொறுத்து ஒடியும். பெட்டி நசுங்கிப் போயிருந்தால் நீர் தெளித்து, ஈரத்துணியில் கொஞ்ச நேரம் சுற்றி வைத்து, உள்ளே ஒரு டப்பாவைப் பொருத்தி நிழலில் காயவிடுங்கள். வடிவம் பெரும்பாலும் திரும்பிவிடும்.