மேல் இமை அறுவை: டாக்டருக்கு முழு மார்க், கிளினிக் கவுண்டருக்கு இல்லை

எனக்கு 47 வயது. காலை ஏழு மணிக்கு மை தீட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினால், பத்தரைக்கு ஆபீஸ் கண்ணாடியில் பார்க்கும்போது மேல் இமையில் இன்னொரு கறுப்புக் கோடு அச்சு விழுந்திருக்கும். மைமேல் பழி போட்டு நாலு பிராண்டு மாற்றினேன். கடைசியில் இங்கே சிங்கப்பூர் தேக்காவில் எனக்குப் புருவம் எடுக்கிற அக்காதான், வாயிலிருந்த நூலை எடுத்துவிட்டு, போட்டு உடைத்தார்: "மை நல்லாத்தான்மா இருக்கு. மேல இருக்கிற தோல் தொங்கி அதுமேல உக்காருது."

அதற்கப்புறம், அந்தத் தொங்கும் தோலை வெட்டி எடுக்கிற மேல் இமை அறுவையைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். இங்கே கிளினிக்குகள் தங்கள் விளம்பரத்தில் நோயாளிகளின் பாராட்டுரைகளைப் போடக் கூடாது, அது விதி. நல்ல விதிதான், ஆனால் தேடுகிறவருக்குக் கிடைப்பதெல்லாம் இரட்டை இமை விலைகள்தான். அது மடிப்பில்லாத இமையில் மடிப்பு உண்டாக்கும் அறுவை. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு மடிப்பு பிறவியிலேயே இருக்கிறது, வயதானால் தோல் தளர்ந்து வந்து அதை மூடுகிறது. இரண்டும் வேறு வேலை. அதனால்தான் இதை எழுதுகிறேன். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் கிளினிக்கின் பெயர் வேண்டாம்.

மூன்று இடம் ஏறி இறங்கினேன். முதல் இடத்தில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெண் வந்து உட்கார்ந்து, இமையோடு சேர்த்து நெற்றிக்கும் கன்னத்துக்கும் "பேக்கேஜ்" விரித்துவிட்டார், இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். இமை என்ன சேலையா, சீசன் சேலில் எடுக்க? எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது இடத்து டாக்டர் மரியாதையானவர், ஆனால் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் தேடினால் நிபுணர் பட்டியலில் இல்லை. 'அழகியல்' என்பது இங்கே அங்கீகரிக்கப்பட்ட நிபுணத்துவப் பிரிவே அல்ல என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது, பெயரைத் தட்டினால் பிளாஸ்டிக் சர்ஜரியா, கண் மருத்துவமா என்று வந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

மூன்றாவது டாக்டரிடம் செய்துகொண்டேன். முதல் சந்திப்பிலேயே நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். சின்ன ஸ்கேலை வைத்து, கண்மணியின் நடுவிலிருந்து இமை விளிம்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தார். தோல் தொங்குவது வேறு, இமையைத் தூக்கும் தசையே தளர்ந்துபோவது வேறு. இரண்டாவதாக இருந்தால் தோலை மட்டும் வெட்டிப் பயனில்லை. அப்புறம் என் புருவத்தை விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்து, இதில் கொஞ்சம் புருவம் இறங்கியதாலும்தான், அதை நான் சரிசெய்யப் போவதில்லை, ஆகவே இருபது வயதுக் கண்ணை எதிர்பார்க்காதீர்கள் என்றார். விற்க வந்தவர் இப்படிப் பேச மாட்டார்.

மெடிசேவ், அதாவது மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்தில் பிடித்துவைக்கிற சேமிப்பு, அதைப் பற்றியும் கேட்டேன், கேட்காமல் இருப்போமா? அழகுக்காக என்றால் அந்தப் பணத்தைத் தொட முடியாது. பார்வையை மறைக்கும் அளவுக்கு இறங்கியிருந்தால் வேறு கதை, அதற்குச் சோதனை உண்டு. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு மேல்பக்கம் லேசாகத்தான் மறைத்தது. சரி, கைக்காசுதான்.

அறுவை அன்று முதலில் உட்காரவைத்துத்தான் பேனாவால் கோடு போட்டார். படுத்தால் தோல் வேறு மாதிரி விழுமாம். புருவத்துக்கும் இமை விளிம்புக்கும் நடுவே 20 மில்லிமீட்டராவது தோல் மிஞ்ச வேண்டும், பேராசைப்பட்டு வெட்டினால் கண் மூடாது. இமையில் போடுகிற மரப்பு ஊசி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சுரீர் என்று கண்ணீர் வரவழைக்கும். அதன்பின் வலி இல்லை, இழுப்பதுபோல் ஓர் உணர்வும், ரத்தக் குழாய்களைச் சுடும்போது முடி பொசுங்குகிற வாசமும் மட்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. வெட்டியதைக் காட்டச் சொன்னேன். துணிப்பஞ்சின்மேல் பூண்டுச் சருகுபோல இரண்டு கீற்று. இதற்கா நாலாயிரம் வெள்ளி என்று தோன்றாமல் இல்லை.

நாலாயிரம் என்பது முதலில் சொன்ன தொகை. பில்லில் அறுவை அறைக்குத் தனி, மயக்க மருந்துக்குத் தனி, களிம்புக்குத் தனி, எல்லாவற்றுக்கும் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி என்று ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை, என் தப்பும்தான்.

பெரிய கோபம் அதுவல்ல. இரண்டாம் நாள் இரவு இடது கண் வலது கண்ணைவிட இரண்டு மடங்கு வீங்கியது. அவசர எண் என்று கொடுத்ததை அழைத்தால் பதிவுசெய்த குரல்தான் வருகிறது. வாட்ஸ்அப்புக்குப் பதில் மறுநாள் காலை ஒன்பதரைக்கு! கண்ணுக்குள் அழுத்தும் கடும் வலி, பார்வை மங்கல், கண் பிதுங்குவது இவற்றில் ஒன்று வந்தாலும் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால், வீட்டுக்காரர் ஒவ்வொரு மணிக்கும் கையைக் காட்டி எத்தனை விரல் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெறும் வீக்கம்தான், வடிந்துவிட்டது. ஆனால் அந்த இரவுக்காகவே ஒன்றரை நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

மற்றபடி, ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். இரண்டு வாரம் ஆண்டு விடுப்பு எடுத்தேன், நம் நிறத்தில் கன்றல் நீலமாகத் தெரியாது, மண்ணிறமாகக் கன்னம் வரை இறங்கும். மீன் எண்ணெய் மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னார்கள், ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாமாம். முதல் மூன்று வாரம் தூங்கும்போது கண் முழுதாக மூடவில்லை, ஏசி அறையில் கண் காய்ந்து மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. சொட்டு மருந்தைக் கைப்பையில் வைத்தே திரிந்தேன்.

இப்போது நாலு மாதம். தழும்பு மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது, இடது வெளி ஓரத்தில் மட்டும் அரை அங்குலம் கறுத்திருக்கிறது, சன்ஸ்கிரீன் போடச் சொல்லியிருக்கிறார். ஆபீஸில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நல்லா தூங்கினியா என்று மட்டும் கேட்கிறார்கள்.

கருவளையமும் போகுமா என்று தங்கை கேட்டாள். போகாது. மேல் இமையில் செய்வதற்கும் கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்புக்கும் சம்பந்தமில்லை, தோலின் நிறமியைக் கத்தியால் எடுக்க முடியாது. ஐந்துக்கு மூன்றரை.