பின்பக்க போர்ஷன் கட்ட வங்கிக் கடன்: பேஸ்மென்ட் வரைக்கும்தான் கஷ்டம்

சென்னையில் வீட்டுக்குப் பின்னால் 400 சதுர அடியில் ஒரு போர்ஷன் எழுப்ப, தனிநபர் கடனைவிட வங்கிகளின் வீட்டு விரிவாக்கக் கடன் எவ்வளவோ மேல். வட்டி குறைவு, தவணைக்காலம் நீளம். ஆனால் பணம் கைக்கு வரும் முறை சின்னக் கட்டடத்துக்குப் பொருந்தவில்லை.

கடன் 30 லட்சத்துக்குள் என்றால் செலவில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 10 லட்ச ரூபாய் எஸ்டிமேட்டுக்கு 1 லட்சம் கையில் இருந்தால் போதும் என்று தோன்றும். போதாது. முதலில் உங்கள் பங்கைப் போட்டு வேலையைக் காட்ட வேண்டும். பிறகு பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என ஒவ்வொரு ஸ்டேஜையும் இன்ஜினியர் பார்த்த பிறகே கடன் பணம் தவணையாக வரும். பிளான் வரைவது, மாநகராட்சிக் கட்டணம், எம்.ஓ.டி. பதிவு (பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததைப் பதிவு செய்வது) எல்லாம் அதற்கும் முந்தைய செலவு. சென்ட்ரிங் அடித்த பிறகு பணத்துக்காகக் காத்திருந்தால் பலகை வாடகை ஏறிக்கொண்டே போகும். எஸ்டிமேட்டில் கால் பங்காவது கையில் இல்லாமல் கடைக்கால் தோண்டாதீர்கள்.

விண்ணப்பம் பெரும்பாலும் விழுவது பழைய வீட்டால்தான். அனுமதி இல்லாமல் போட்ட மாடி அறையை வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அளந்து எழுதிவிட்டால் ஃபைல் அங்கேயே நிற்கும். பட்டா காலமான அப்பா பெயரில் இருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பின்பக்கக் காலியிடத்தில் ஒரு பகுதி பழைய பிளானில் செட்பேக்காக, அதாவது விதிப்படி கட்டாமல் விட வேண்டிய இடமாக இருக்கும். அதில் கட்ட முடியாது. வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் இருந்தால் பத்திரம் அந்த வங்கியில் இருக்கும் என்பதால், அங்கேயே டாப்-அப், அதாவது அதே அடமானத்தின் மேல் கூடுதல் கடன், கேட்பது சுலபம்.

அனுமதி விஷயத்தில் அரசு நல்லது செய்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ கூடுதலாக ஒரு மாடியோ கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையில் இருந்து சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கிறது. ஏற்கெனவே வீடு நிற்கும் மனை என்றால், இதில் வருமா என்று மண்டல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். ஆனால் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும்.

கலிபோர்னியா மாநில வீட்டுவசதி நிதி முகமை, தங்கள் மனையிலேயே கூடுதலாக ஒரு சின்ன வீடு கட்டும், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு பிளான், பெர்மிட், மண் பரிசோதனை போன்ற ஆரம்பச் செலவுக்கே 40,000 டாலர் வரை மானியம் கொடுத்தது. இங்கே மானியம்கூட வேண்டாம். அனுமதிக் கட்டணத்தில் பாதியை ரூஃப் போட்ட பிறகு மாநகராட்சி வாங்கிக்கொண்டால், அந்தப் பணம் பேஸ்மென்ட் கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் ஆகும்.