டார்ட்டன் ட்ரெஸ்: சிவப்பா, கரும்பச்சையா? கேஎல்ல எங்க எது செட் ஆகும்

டார்ட்டன், அதாங்க ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணி, அதுல ட்ரெஸ் ஒண்ணு எடுக்கணும்னு தேட ஆரம்பிச்சா கோலாலம்பூர் மோல்ல பாத்தாலும் சரி, ஆன்லைன்ல பாத்தாலும் சரி, பழைய துணி விக்கிற பண்டல் கடைல கிளறினாலும் சரி, கடைசில ரெண்டு டிசைன்லதான் வந்து நிப்பீங்க. ஒண்ணு ராயல் ஸ்டூவர்ட், அந்தப் பளிச் சிவப்பு, ஸ்காட்லாந்து பிஸ்கட் டின்னுல பாத்திருப்பீங்களே அது. இன்னொண்ணு பிளாக் வாட்ச், கருநீலமும் கரும்பச்சையும் கறுப்பும் கலந்து, கொஞ்ச தூரத்துல இருந்து பாத்தா கட்டம் போட்டிருக்கிறதே தெரியாது. என் முடிவ முன்னாடியே சொல்லிடறேன். ஒண்ணுதான் வாங்க முடியும்னா பிளாக் வாட்ச் வாங்குங்க, காட்டன்ல, முட்டிக்குக் கீழ வர்ற ஷர்ட் ட்ரெஸ்ஸா. சிவப்பு ரொம்ப அழகு, ஆனா அதுக்குன்னு சில நாள்தான் இருக்கு, அந்த நாள்ல அத அடிக்க வேற எதுவும் இல்ல.

கலருக்கு முன்னாடி துணியப் பாருங்க. அசல் டார்ட்டன் கம்பளி, ட்வில் நெசவு. கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்தா ரெண்டு கலர் குறுக்க சந்திக்கிற இடத்துல சாய்வா பொடிப்பொடியா கோடு ஓடும், அந்தக் கோடுங்கதான் ரெண்டையும் கலந்து மூணாவது ஒரு கலரா நமக்குக் காட்டுது. பிரிண்ட் அடிச்ச துணின்னா பின்பக்கம் திருப்பினாலே தெரிஞ்சிடும், வெளிறிப்போய் இருக்கும், அத வாங்காதீங்க, ரெண்டு துவைக்குப் பிறகு முன்பக்கமும் அப்படித்தான் ஆகும். கம்பளி நம்ம ஊருக்கு ஒத்து வராது, ஏர்கோன்ல உக்காந்திருக்கிற வரைக்கும் சுகமாத்தான் இருக்கும் ஆனா மத்தியானம் வெளிய சாப்பிட இறங்கி ரோடு தாண்டுறதுக்குள்ள முதுகு நனைஞ்சிடும். அத கேமரன், கெந்திங் மாதிரி குளிரான மலைக்குப் போறப்ப வச்சுக்குங்க. பாலியஸ்டர் அதவிட மோசம். காட்டன், இல்லன்னா காட்டன் விஸ்கோஸ் கலந்தது, அவ்வளவுதான்.

ஆபீஸுக்கு போட்டியே கிடையாது, பிளாக் வாட்ச்தான். 1739ல ரெஜிமெண்டா சேத்த ஸ்காட்லாந்து ஹைலண்ட் பட்டாளத்தோட டார்ட்டன் அது, அந்த யூனிஃபார்ம் மிடுக்கு இன்னும் அந்தத் துணில இருக்கு. கைய முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டு, மெல்லிசா ஒரு கறுப்பு பெல்ட், கறுப்பு லோஃபர், கையில ஒரு வாட்ச் போதும். சிவப்ப ஆபீஸுக்குப் போடணும்னா மேல நேவி பிளேஸர் போட்டு முக்கால்வாசி மறைக்கணும், மறைக்கிறதுக்கு எதுக்கு அத வாங்கணும்? அரசாங்க ஆபீஸ் வேலைன்னா இன்னும் கவனம், முட்டி தெரிஞ்சாலோ கை இல்லாம இருந்தாலோ வாசல்லயே கார்ட் நிறுத்திடுவார், கடைல தொங்குற சிவப்பு டார்ட்டன்ல பாதி அந்த மாதிரி குட்டை பினஃபோர்தான்.

கோயில்னு வரும்போதுதான் கணக்கு கொஞ்சம் மாறுது. பத்துமலைல முட்டி தெரியற மாதிரி போனா கீழயே துணி கட்டிக்கச் சொல்லுவாங்க, அங்க குட்டைச் சிவப்பு தோத்துடுது. ஆனா நல்ல நாள் பெரிய நாள்ல இருட்டுக் கலர்ல கோயிலுக்குக் கிளம்பினா எந்த வீட்டுல பாட்டி சும்மா இருப்பாங்க? நானும் அவங்க பக்கம்தான், சாமி கும்பிடப் போறப்ப முகத்துக்குப் பக்கத்துல மங்களகரமா ஒரு கலர் இருந்தா மனசுக்கே நல்லா இருக்கு. அதனால சாதாரண வெள்ளிக்கிழமைக்கு பிளாக் வாட்ச் மேல மஞ்சளோ குங்குமக் கலரோ ஒரு ஷால் போட்டுக்குங்க, விசேஷ நாளைக்கு நீளமான சிவப்பு கிடைச்சா அத எடுங்க. எதுவா இருந்தாலும் கீழ அகலமா விரியற கட்டா பாருங்க, பத்துமலைல 272 படி ஏறணும், இறுக்கமான பாவாடை கட்ல கால எடுத்து வைக்கவே முடியாது.

கிறிஸ்துமஸுக்கு சிவப்புதான், இதுல பேச்சே இல்ல. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நடுராத்திரி பூசைக்கு எல்லாரும் புதுச் சட்டைல வந்து நிக்கிறப்ப பிளாக் வாட்ச் அந்த வெளிச்சத்துல அடங்கிப் போயிடும். இன்னொரு விஷயம் இருக்கு, ராயல் ஸ்டூவர்ட்ட கிட்டப் பாத்தீங்கன்னா சிவப்புக்கு நடுவுல வெள்ளையும் மஞ்சளுமா நூல் மாதிரி மெல்லிசு கோடு ஓடும். நம்ம பொண்ணுங்க எப்பவும் போட்டிருக்கிற தங்கத் தோடு, தங்கச் சங்கிலி எல்லாம் அந்த மஞ்சள் கோட்டோட அப்படியே சேந்துக்கும், தனியா எதுவும் மேட்ச் பண்ண வேண்டியதில்ல. பிளாக் வாட்ச்ல அந்த மாதிரி வெளிர் கோடே கிடையாது, அதுல தங்கம் போட்டா தங்கம் மட்டும் தனியாத் தெரியும், சிலருக்கு அது பிடிக்கும், நான் வெள்ளி ஜிமிக்கிதான் போடுவேன்.

கல்யாண ரிசெப்ஷனுக்கு ரெண்டுமே வேணாம். சுத்தி பட்டுச்சேலையா இருக்கும், சேலையே கட்டிட்டுப் போங்க.

ஞாயித்துக்கிழமை காலைல பசியாறப் போறது, பாசார் போறது, ஜாலான் மஸ்ஜித் இந்தியால வேர்க்க வேர்க்க அலையறது, இதுக்கெல்லாம் மூணாவது ஆள் ஒருத்தர் இருக்கார், மெட்ராஸ் செக். ட்வில் இல்ல, சாதா நெசவு, மெல்லிசு பருத்தி, காத்து உள்ள வந்து போகும். பழவேற்காட்டுப் பக்கத்துல இருந்து கப்பல்ல வந்த கட்டம் போட்ட கைலி இங்க காயின் பெலிக்காட்டா நின்னுபோச்சு, பினாங்கு நாசி கண்டார் கடைல இருந்து கம்பத்து வீடு வரைக்கும் இன்னும் கட்டிக்கிட்டுதான் இருக்காங்க, அதோட சொந்தக்காரத் துணிதான் இந்த மெட்ராஸ் செக். வெயில்ல இதுக்கு முன்னாடி ரெண்டு டார்ட்டனும் நிக்காது. ஒரு தோல் செருப்பு, ஒரு துணிப் பை, அவ்வளவுதான். ஆனா சீக்கிரம் கசங்கும், ஆபீஸ் மீட்டிங்குக்கு அந்தத் துவண்ட துணி எடுபடாது.

ரெடிமேட்ல திருப்தியா இல்லன்னா துணி எடுத்து தைக்கக் குடுக்கிறதுதான் நல்லது, கடைல வாங்கினாலும் இத செக் பண்ணுங்க. பக்கத் தையல்ல ரெண்டு பக்கக் கோடும் நேரா சேருதா, முன்னாடி பட்டன் பட்டில கட்டம் அரை விரல் விலகி நிக்குதா. பிளாக் வாட்ச்ல விலகினா இருட்டுல மறைஞ்சிடும், சிவப்புல அந்த வெள்ளைக் கோடு உடனே காட்டிக் குடுத்துடும், அதனால சிவப்பு தைக்கிறதுக்கு நிதானமான கை வேணும். கட்டம் பெருசா இருந்தா கோடு பொருத்துறதுக்கே துணி நிறைய போகும், எவ்வளவு கூட வேணும்னு தைக்கிற அக்காகிட்ட கேட்டுட்டு அப்புறம் வெட்டி வாங்குங்க. பாக்கெட்டையும் காலரையும் மட்டும் சாய்வா வெட்டச் சொல்லுங்க, அங்க கோடு பொருத்துற வேலையே இருக்காது, பாக்கவும் நல்லா இருக்கும்.